முழங்கால் அளவு நீர், அரை மணி நேர அனுமதி: பிரேசில் எரிமலைத் தீவின் ஓதக் குளத்திற்கு ஏன் இத்தனை கட்டுப்பாடுகள்?

நீரின் ஆழம் பெரும்பாலான இடங்களில் முழங்காலையோ தொடையையோ தாண்டாது. ஆயினும் அதில் இறங்குவோர் மிதவைச் சட்டை அணிந்தே ஆக வேண்டும். தரையில் கால் ஊன்றக் கூடாது. நிலநடுக்கோட்டை ஒட்டிய கடும் வெயில் என்றாலும், உடலில் சன்ஸ்கிரீன் பூசியிருந்தால் அனுமதி கிடையாது. ஏறத்தாழ அரை மணி நேரம் முடிந்ததும் கரையேறி, அடுத்த குழுவினருக்கு வழிவிட வேண்டும்.

பிரேசிலின் பெர்னாண்டோ டி நோரோன்யா தீவில் உள்ள அட்டலாயா ஓதக் குளத்தின் நடைமுறை இது. ஸ்நோர்கெலிங் எனப்படும் மூச்சுக்குழல் நீச்சலுக்குப் பெயர்பெற்ற இக்குளத்தில் நாளொன்றுக்குச் சுமார் நூறு பேர் மட்டுமே, சிறு குழுக்களாக அனுமதிக்கப்படுகின்றனர். நீண்ட பயணத்திற்குப் பின் அங்கு சென்று சேரும் சுற்றுலாப் பயணிகளுக்கு இது அளவு மீறிய கண்டிப்பாகத் தோன்றுவது இயல்பே. ஆனால் குளம் இயங்கும் விதத்தை அறிந்தால், ஒவ்வொரு விதிக்கும் பின்னால் உள்ள காரணம் விளங்கும்.

கடலுக்குள் மறைந்திருக்கும் மலை

பிரேசிலின் வடகிழக்குக் கரையிலிருந்து சுமார் 350 கிலோமீட்டர் தொலைவில் அட்லாண்டிக் பெருங்கடலில் அமைந்துள்ளது நோரோன்யா தீவுத் தொகுதி. 21 தீவுகளும் பாறைத் திட்டுகளும் கொண்ட இதன் மொத்தப் பரப்பு 26 சதுர கிலோமீட்டர் அளவே. மக்கள் வாழும் முதன்மைத் தீவின் பரப்பு சுமார் 17 சதுர கிலோமீட்டர். நீருக்கு மேலே தெரிவது ஓர் எரிமலையின் உச்சிப் பகுதி மட்டுமே; அதன் அடிவாரம் சுமார் 4,000 மீட்டர் ஆழத்தில், கடல் தரையில் உள்ளது. 1832 பிப்ரவரியில் பீகிள் கப்பலில் வந்து இங்கு சில மணி நேரம் மட்டும் தங்கிய சார்லஸ் டார்வின், தீவின் நடுவே ஏறத்தாழ 320 மீட்டர் உயரத்திற்குச் செங்குத்தாக எழும் சிகரத்தைப் பற்றிக் குறிப்பெழுதியுள்ளார்.

இந்த எரிமலை ஓய்ந்து பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் மேல் ஆகிவிட்டது. உயிர்ப்புடன் உள்ள எரிமலைகளின் அருகில் அமையும் ஓதக் குளங்களுக்கு இத்தகைய உறுதி கிடையாது. அமெரிக்காவின் ஹவாயில், பவளங்களுக்கும் மீன்களுக்கும் புகழ்பெற்ற கபோஹோ ஓதக் குளங்கள் 2003ஆம் ஆண்டு முதல் மாநில அரசின் பாதுகாப்பில் இருந்தன. 2018 ஜூன் மாதம் கிலாவேயா எரிமலையின் குழம்பு கபோஹோ விரிகுடாவை நிரப்பியபோது அவை முற்றிலும் புதைந்தன. நோரோன்யாவில் அந்த அச்சம் இல்லை. அங்குள்ள அபாயம் மனிதக் காலடியிலிருந்தும், மனித உடலில் பூசப்படும் எண்ணெய்ப் பசையிலிருந்தும் வருகிறது.

சில மணி நேரம் தனித்து நிற்கும் நீர்

தீவின் தென்கிழக்கில், காற்றும் அலையும் நேரடியாக மோதும் பக்கத்தில் அட்டலாயா அமைந்துள்ளது. கரையை ஒட்டி எரிமலைப் பாறை மேடை ஒன்று பரந்து கிடக்கிறது. ஓதம் ஏறும்போது கடல் இதை மூடிவிடும். ஓதம் இறங்கும்போது மேடையின் வெளிவிளிம்பு அலைகளைத் தடுத்து நிறுத்த, உள்ளே பள்ளத்தில் தேங்கும் நீர் கண்ணாடிபோல் தெளிந்து நிற்கிறது. மூச்சுக்குழலைப் பொருத்திக்கொண்டு முகம் கவிழ்ந்து மிதப்பதற்கு இதைவிட அமைதியான நீர் கிடைப்பது அரிது.

ஒரு நாளில் இருமுறை ஓதம் ஏறி இருமுறை இறங்குகிறது. இச்சுழற்சி 24 மணி நேரத்தில் முடியாமல் சுமார் 50 நிமிடங்கள் கூடுதலாக எடுத்துக்கொள்வதால், நீர் வற்றும் நேரம் நாள்தோறும் தள்ளிப்போகிறது. இதனால் குளத்தின் பார்வை நேரமும் மாறிக்கொண்டே இருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் (பழந்தமிழ் இவற்றை உவா நாட்கள் என்கிறது) ஏற்றத்திற்கும் இறக்கத்திற்கும் உள்ள வேறுபாடு இரண்டு மீட்டரைத் தாண்டுகிறது. குளம் நன்றாகத் தெளிந்து நிற்பது அப்போதுதான். இடைப்பட்ட நாட்களில் நீர் போதிய அளவு இறங்காது என்பதால், பயணத் தேதியை முடிவு செய்யும் முன் ஓத அட்டவணையைப் பார்ப்பது அவசியமாகிறது.

குளத்தின் அழகுக்கும் பலவீனத்துக்கும் காரணம் இந்தத் தேக்கமே. நீர் இறங்கிய பின் அடுத்த ஏற்றம் வரை, குளத்திற்கும் கடலுக்கும் இடையே நீர்ப் பரிமாற்றம் மிகக் குறைவு. ஏற்கெனவே வெயிலில் சூடேறும் அந்தச் சிறிதளவு நீரில் எது கலந்தாலும் சில மணி நேரம் அங்கேயே தங்கிவிடும்.

சன்ஸ்கிரீன் மீதான தடையை இப்பின்னணியில்தான் பார்க்க வேண்டும். இக்களிம்புகளில் உள்ள ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் ஆகிய வேதிப்பொருட்கள் பவள இளம் உயிரிகளைப் பாதிப்பதாக ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. இவ்விரண்டும் கலந்த சன்ஸ்கிரீன் விற்பனைக்கு ஹவாய் 2021 ஜனவரி முதல் தடை விதித்துள்ளது. பரந்த கடலில் இப்பொருட்கள் பெருமளவு நீர்த்துப்போவதால், அங்கு உண்மையான பாதிப்பு எவ்வளவு என்பதில் அறிவியலாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நீர்த்துப்போக வழியே இல்லாத முழங்காலளவுக் குளத்திற்கு அந்த விவாதம் பொருந்தாது. இங்கு எந்த நிறுவனத்தின் களிம்பும், பூச்சி விரட்டியும் அனுமதிக்கப்படுவதில்லை. முழுக்கை நீச்சலுடை அணிந்து வருவதே வெயிலுக்கு மாற்று.

மிதவைச் சட்டை எதற்காக?

மூழ்கிவிடுவார்கள் என்ற அச்சத்தால் மிதவைச் சட்டை கட்டாயமாக்கப்படவில்லை. கண்ணாடிக்குள் சிறிது நீர் புகுந்தாலோ, குழல் வழியே ஒரு மடக்கு உப்புநீர் வாய்க்குள் வந்தாலோ, பயிற்சியற்றவர் உடனே எழுந்து நிற்கவே முனைவார். ஆழமான கடலில் அது இயலாது. இங்கு இயலும் என்பதே சிக்கல். கால் படும் இடத்தில் பாசியும் பவளமும் சிறு விலங்குகளும் இருக்கும். துடுப்புக் காலணிக்கும் இதே காரணத்தால் இடமில்லை. அதன் ஒரு வீச்சு அடிமணலைக் கிளப்பிக் குளம் முழுவதையும் கலக்கிவிடும்.

அந்நீரில் வாழ்பவை பெரும்பாலும் குஞ்சுகள். வரிகளுடைய சிறு மீன்கள், பாறை இடுக்குகளில் ஒளியும் கணவாய் இன எண்காலிகள், விலாங்கு போன்ற மோரே மீன்கள் ஆகியவற்றுடன், சில வேளைகளில் எலுமிச்சைச் சுறாவின் குட்டிகளும் தென்படுகின்றன. பிறக்கும்போதே சுமார் 60 சென்டிமீட்டர் நீளமுள்ள இக்குட்டிகள், பெரிய சுறாக்கள் நுழைய இயலாத ஆழமற்ற நீரில் தொடக்க ஆண்டுகளைக் கழிக்கின்றன. பெண் எலுமிச்சைச் சுறாக்கள் தாங்கள் பிறந்த இடத்திற்கே திரும்பி வந்து குட்டி ஈனுவதை, பஹாமாஸின் பிமினி தீவில் நடந்த நீண்டகால மரபணு ஆய்வு உறுதிப்படுத்தியுள்ளது. ஒரு வளர்ப்பிடம் சிதைந்தால், அதற்கு ஈடாக அடுத்த விரிகுடா இருக்கிறதே என்று கணக்கிட முடியாது.

கட்டணமும் சர்ச்சையும்

தீவின் பெரும்பகுதியும் சுற்றியுள்ள கடலும் 1988இல் தேசியக் கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 2001இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. பூங்காவை நிர்வகிப்பது சிகோ மெண்டிஸ் பல்லுயிர்ப் பாதுகாப்பு நிறுவனம். அமேசான் காட்டைக் காக்கப் போராடி, பூங்கா அறிவிக்கப்பட்ட அதே 1988இல் கொல்லப்பட்ட ரப்பர் பால் சேகரிப்புத் தொழிலாளியின் பெயரை அந்த அரசு நிறுவனம் தாங்கியுள்ளது.

தீவில் தங்கும் நாட்களுக்கேற்ப பெர்னாம்புகோ மாநில அரசு வரி வசூலிக்கிறது. பூங்காவுக்குள் நுழையத் தனிக் கட்டணம். 2019 ஜூலையில் அப்போதைய அதிபர் ஜெயிர் போல்சனாரோ, உள்நாட்டவருக்கு 106 ரியால், வெளிநாட்டவருக்கு 212 ரியால் என்றிருந்த பூங்காக் கட்டணத்தைக் கொள்ளை என்று சாடினார். கடற்கரைக்குச் செல்ல மக்கள் ஏன் பணம் கொடுக்க வேண்டும் என்பது அவரது வாதம். கட்டணம் எளியவர்களை விலக்கி வைக்கிறது என்ற குறையில் நியாயம் உண்டு. ஆயினும் அட்டலாயாவில் கூட்டத்தைக் கட்டுப்படுத்துவது கட்டணம் மட்டுமல்ல. ஒரு நாளில் எத்தனை பேர் என்ற வரம்பே முதன்மையானது. கட்டணத்தைக் குறைத்தாலும் அந்த எண்ணிக்கையைக் கூட்ட இயலாது.

தீவு யாருக்குச் சொந்தம் என்பதில் மத்திய அரசுக்கும் பெர்னாம்புகோ மாநிலத்திற்கும் இருந்த தகராறு பின்னர் உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2023 மார்ச்சில் உடன்பாட்டில் முடிந்தது. அதன்படி தீவுக்கு வரும் பயணிகளின் எண்ணிக்கை மாதம் 11,000, ஆண்டுக்கு 1,32,000 என வரையறுக்கப்பட்டது. தீவில் நிரந்தரமாக வசிப்போர் சுமார் 3,000 பேர்.

குளத்திற்கான அனுமதியைப் பூங்கா நிர்வாகத்திடம் முன்பதிவு செய்தே பெற இயலும். தீவுக்கு ரெசிஃபே நகரிலிருந்து விமானங்கள் உள்ளன.