எஃப் அண்ட் ஓ: சட்டம் எதுவரை கைகொடுக்கும்?

மூன்று ஆண்டுகளில் 1.8 லட்சம் கோடி ரூபாய். 2021-22 முதல் 2023-24 வரை ‘எஃப் அண்ட் ஓ’ எனப்படும் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் ஒப்பந்த வணிகத்தில் தனிநபர்கள் இழந்த தொகை இது. பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு சொல்லும் கணக்கு. இறங்கிய ஒரு கோடிக்கும் அதிகமானோரில் 93 சதவீதம் பேர் கையைச் சுட்டுக்கொண்டார்கள். செலவு போக ஒரு லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர்கள் 1 சதவீதம்தான். அதன்பின் 2024-25 என்ற ஒரே ஆண்டில் இழப்பு 1 லட்சம் கோடியைத் தாண்டிவிட்டது.

பணம் எங்கே போகிறது?

பங்குக் குறியீட்டை ஒட்டிய ஆப்ஷன் ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச அளவான ஒரு லாட்டில் 75 அலகுகள், அதை வாங்கக் கொடுக்கும் பிரீமியம் அலகுக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 7,500 ரூபாய் கட்டினால் போதும், லட்சக்கணக்கான ரூபாய் மதிப்புள்ள ஒப்பந்தம் கைக்கு வருகிறது. ஆசை பிறக்கும் இடம் இதுதான். ஆனால் குறியீடு நகராமல் நின்றாலும் பிரீமியம் நாளுக்கு நாள் கரையும். ஒப்பந்தம் முடியும் நாளான எக்ஸ்பைரி அன்று பூஜ்யமாகவும் ஆகலாம். வாங்கியவருக்கு நஷ்டம் பிரீமியத்தோடு நிற்கும். ஆப்ஷனை விற்றவருக்கு அந்த எல்லைகூடக் கிடையாது.

எதிர்த்தரப்பில் இருப்பவர்கள் யார்? 2023-24இல் சொந்தப் பணத்தில் வணிகம் செய்யும் நிறுவனங்கள் சுமார் 33,000 கோடியும், வெளிநாட்டு முதலீட்டாளர்கள் சுமார் 28,000 கோடியும் மொத்த லாபம் ஈட்டினர். அதில் பெரும்பகுதி கணினி நிரல்கள் வழியே வந்தது. கைப்பேசித் திரையைப் பார்த்து முடிவெடுப்பவர் மோதுவது இவற்றோடுதான்.

செபி போட்ட கடிவாளம்

2024 அக்டோபரில் விதிகள் இறுக்கப்பட்டன. குறியீட்டு ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச மதிப்பு 15 லட்சம் ரூபாயாக உயர்ந்தது. வார எக்ஸ்பைரி ஒரு சந்தையில் ஒரே குறியீட்டுக்கு மட்டும் என்றானது. 2025 பிப்ரவரி முதல் ஆப்ஷன் வாங்குபவரிடம் பிரீமியத்தை முன்கூட்டியே முழுமையாக வசூலிக்க வேண்டும். எக்ஸ்பைரி நாட்களில் குறியீட்டைத் திரித்ததாக அமெரிக்காவின் ஜேன் ஸ்ட்ரீட் குழுமம் மீது 2025 ஜூலையில் இடைக்கால உத்தரவு பிறப்பித்து, சுமார் 4,843 கோடி ரூபாயை முடக்கச் சொன்னது செபி. குற்றச்சாட்டை மறுத்த அந்நிறுவனம் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனது.

உங்கள் உரிமைகள்

• உங்கள் ஒப்புதல் இல்லாமல் புரோக்கர் உங்கள் கணக்கில் வணிகம் செய்யக் கூடாது.
• ஒவ்வொரு வணிகத்துக்கும் 24 மணி நேரத்துக்குள் அதன் விவரம் அடங்கிய கான்ட்ராக்ட் நோட் வந்தாக வேண்டும். அதைச் சரிபார்ப்பது உங்கள் பொறுப்பு.
• கணக்கில் சும்மா கிடக்கும் பணத்தை, நீங்கள் தேர்ந்தபடி மாதம் அல்லது காலாண்டுக்கு ஒருமுறை வங்கிக் கணக்குக்குத் திருப்ப வேண்டும்.
• எஃப் அண்ட் ஓ வசதியை நிறுத்தச் சொல்லிக் கேட்கலாம்.

சட்டத்துக்கு வெளியே

‘மாதம் இத்தனை சதவீதம் உறுதி’ என்று எவரும் வாக்குறுதி தரச் சட்டம் அனுமதிப்பதில்லை. டெலிகிராமில் டிப்ஸ் விற்பவரிடம் செபி பதிவு எண்ணைக் கேளுங்கள். செபி இணையதளத்தில் சரிபாருங்கள். ‘நானே உங்கள் கணக்கைப் பார்த்துக்கொள்கிறேன்’ என்பவரிடம் பாஸ்வேர்டும் ஓடிபியும் போனால் பணமும் போகும். சந்தைக்கே வராமல் தனியார் கணக்கில் நடக்கும் டப்பா டிரேடிங் குற்றம். அங்கே ஏமாந்தால் பங்குச்சந்தையின் குறைதீர்ப்பு அமைப்பும் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதியும் உதவிக்கு வராது.

ஏமாற்றப்பட்டால்

முதலில் புரோக்கரிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். பதில் திருப்தி தராவிட்டால் செபியின் ‘ஸ்கோர்ஸ்’ தளத்தில் ஓராண்டுக்குள் பதியுங்கள். 21 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். அதிலும் தீராவிட்டால் ‘ஸ்மார்ட் ஓடிஆர்’ தளத்தில் சமரசம், பின்பு நடுவர் தீர்ப்பு. செபியின் இலவச எண் 1800 266 7575. போலிச் செயலிக்குப் பணம் அனுப்பிவிட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள். பணம் கைமாறுமுன் முடக்க வாய்ப்பு உண்டு. கான்ட்ராக்ட் நோட், வங்கி அறிக்கை, உரையாடல் பதிவுகள் எதையும் அழிக்காதீர்கள்.

இந்தக் கதவுகள் எல்லாம் மோசடிக்குத்தான் திறக்கும். நீங்களே முடிவெடுத்து, முறையான சந்தையில் தோற்ற பணத்தை எந்தச் சட்டமும் மீட்டுத் தராது. ஆகவே கடன் வாங்கியோ, நகையை அடகு வைத்தோ இதில் இறங்காதீர்கள். விட்டதைப் பிடிக்கும் வெறி தலைக்கேறுவது தெரிந்தால் வீட்டாரிடம் சொல்லுங்கள்; அன்றே புரோக்கருக்கு எழுதி எஃப் அண்ட் ஓ வசதியை நிறுத்துங்கள்.