கவசத்தில் காவல் கேட்ட முப்பத்திரண்டு

ஐப்பசியில் கந்த சஷ்டி விழா தொடங்கிவிட்டால், திருச்செந்தூரைச் சுற்றியுள்ள எங்கள் ஊர்களில் விடியலுக்கு முன்பே கந்த சஷ்டி கவசம் ஒலிக்கும். தேவராய சுவாமிகள் அருளிய அக்கவசத்தை மனப்பாடமாகச் சொல்பவர்களும் நின்று கவனிக்காத இடம் ஒன்று அதில் உண்டு. வாயைக் காக்குமாறு வேண்டியபின், நாவுக்குச் செல்லும் முன், பற்கள் முப்பத்திரண்டையும் எண்ணிக்கை குறிப்பிட்டு வேலின் காவலில் ஒப்படைக்கிறார் சுவாமிகள்.

அறுபதைக் கடந்த நம்மில் எத்தனை பேருக்கு அந்த எண்ணிக்கை நிற்கிறது? வங்கியில் பணியாற்றிய காலத்தில், நவம்பர் மாதந்தோறும் வாழ்நாள் சான்று அளிக்க ஓய்வூதியர்கள் வருவார்கள். பேசும்போது கையால் வாயை மறைத்துக்கொள்ளும் பெரியவர்கள் பலரைக் கண்டிருக்கிறேன். வயதானால் பல் விழத்தான் செய்யும் என்பது நம் மனத்தில் ஊறிப்போன எண்ணம். அது சரியன்று. எண்பது வயதிலும் இருபது சொந்தப் பற்கள் என்ற இலக்கை ஜப்பான் நாடு 1989-இல் மக்கள் முன் வைத்தது. அப்போது பத்தில் ஒரு முதியவர்கூட அந்நிலையில் இல்லை. 2016-இல் எடுத்த கணக்கில் எண்பது வயதினரில் பாதிப்பேர் அதை எட்டியிருந்தனர். பல்லை விழச் செய்வது முதுமை அன்று. பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்ட ஈறு நோயும் சொத்தையுமே.

நம் முன்னோர் இதில் அலட்சியமாக இருந்தவர்கள் அல்லர். பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றான ஆசாரக்கோவை, காலையில் குச்சியால் பல் துலக்கிக் கண் கழுவிய பின்னரே தெய்வத்தைத் தொழுக என்று முறை வகுக்கிறது. ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பழமொழியிலேயே இடம் பெற்றுவிட்டன. அவற்றின் துவர்ப்பு ஈறுகளை இறுக்கும் என்பது பழைய நம்பிக்கை. மென்ற நுனியின் நார், பல்லிடுக்கைத் துடைக்கும் என்பது கண்கூடு.

இங்கே ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அமாவாசை, பிரதமை, சஷ்டி, நவமி, ஏகாதசி, சிராத்த தினம் போன்ற நாட்களில் குச்சியால் பல் துலக்கலாகாது என்று சாத்திரம் விலக்கியிருப்பதால், விரத நாளில் பல் துலக்குவதே கூடாது என்று எண்ணுவோர் நம்மில் உண்டு. ஆனால் அதே சாத்திரம், அந்நாட்களில் பன்னிரண்டு முறை நீர் கொண்டு வாய் கொப்பளித்துத் தூய்மை பெறுமாறு மாற்று வழியும் காட்டுகிறது. மாவிலையால் துலக்கும் வழக்கமும் இருக்கிறது. விலக்கு குச்சிக்குத்தான், தூய்மைக்கு அன்று என்பது என் கருத்து. ஆறு நாள் சஷ்டி விரதத்தில் இது முக்கியம். உண்ணாதிருக்கும்போது உமிழ்நீர் குறைகிறது. வாயை இயல்பாகக் கழுவிக்கொண்டிருப்பது அந்த உமிழ்நீர்தான். அது வற்றினால் கிருமி பெருகும், வாய் நாற்றமெடுக்கும். இரத்த அழுத்தத்திற்கு உண்ணும் சில மாத்திரைகளும் வாயை உலர்த்துவன. ஆகவே விரதமிருக்கும் முதியவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகவே கொப்பளிக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகள் விரதம் ஏற்குமுன் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நலம்; முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

சர்க்கரை நோய்க்கும் ஈறுக்கும் உள்ள உறவு இருவழிப் பாதை. இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் ஈறு நோய் முற்றும். நம் தலைமுறை பயோரியா என்று அறிந்திருக்கும் அந்நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினமாகும். துலக்கும்போது இரத்தம் கசிந்தால் துலக்குவதை நிறுத்திவிடுவது நம்மவர் வழக்கம். பெரும்பாலும் அது ஈறு வீங்கியிருப்பதன் அறிகுறி. மெல்லிய தூரிகையால் மேலும் கவனமாகத் துலக்கிப் பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இதய வால்வு மாற்றிக்கொண்டவர்கள் பல் பிடுங்குமுன் அதை மருத்துவரிடம் அவசியம் சொல்ல வேண்டும். வாயிலுள்ள கிருமி இரத்தத்தில் கலந்து வால்வில் தங்கினால் உயிருக்கே ஆபத்தாகலாம். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்பவர்கள் அதைத் தாமாக நிறுத்துவதும் தவறு.

எங்கள் கரை முத்துக்குப் பெயர் பெற்றது. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளிப்பு 1961-உடன் நின்றுபோனாலும், அழகிய பல்லை முத்துப்பல் என்று சொல்வது நிற்கவில்லை. உவமை பொருத்தமானதே. முத்தும் சுண்ணாம்புச் சத்து, பல்லின் மேற்பூச்சும் சுண்ணாம்புச் சத்து. இரண்டும் அமிலத்தில் கரையும். வாயிலுள்ள கிருமிகள் இனிப்பை உண்டு அமிலத்தை உமிழ்கின்றன. பஞ்சாமிர்தம், சர்க்கரைப் பொங்கல், கருப்பட்டி மிட்டாய் எதுவாயினும் பல்லில் ஒட்டும் இயல்புடையவை. பிரசாதத்தை மறுக்க வேண்டியதில்லை. உட்கொண்டபின் ஒரு வாய் நீர் கொப்பளித்தால் போதும். எங்கள் உப்பளத்து உப்பும் உதவும், வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி கரைத்துக் கொப்பளித்துத் துப்பும் அளவுக்கு மட்டும். கல்லுப்பு, செங்கற்பொடி, சாம்பல், கரி ஆகியவற்றால் தேய்ப்பது பல்லின் மேற்பூச்சையே அரைத்துவிடும்.

பேரக் குழந்தைகளுக்கு இரவில் பால் புட்டியை வாயில் வைத்தபடியே உறங்கவிடும் பழக்கத்தைத் தாத்தா பாட்டிகள் தடுக்க வேண்டும். விழப்போகும் பால்பல்தானே என்று விடலாகாது. அது சொத்தையானால் குழந்தை உண்ணாது, உறங்காது. ஆறு வயதில் முளைக்கும் முதல் கடைவாய்ப் பல் நிரந்தரப் பல் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

தாம்பூலம் மங்கலப் பொருள். தட்டில் வைத்து வழங்குவது வேறு, நாள் முழுதும் கன்னத்தில் அடக்கி வைப்பது வேறு. புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் வகைப்படுத்தியுள்ளது. வாயில் இரண்டு வாரத்திற்கு மேல் ஆறாத புண்ணோ வெண்திட்டோ இருந்தால் நாள் பார்க்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பற்செட்டு அணிபவர்கள் இரவில் அதைக் கழற்றி, கழுவி, நீரில் போட்டு வைக்க வேண்டும். கொதிநீரில் போட்டால் வளைந்துவிடும்.

வீட்டில் படுக்கையில் இருக்கும் பெரியவர்களுக்கு உடல் துடைத்து, திருநீறு இட்டு, துணி மாற்றும் பிள்ளைகள்கூட வாயை மறந்துவிடுகிறார்கள். ஜப்பானில் முதியோர் இல்லங்களில் நடத்திய ஆய்வொன்று 1999-இல் வெளியாயிற்று. பணியாளர்கள் நாள்தோறும் பல் துலக்கிவிட்ட முதியவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கு நுரையீரல் காய்ச்சல் வந்தது. அவ்வாறு செய்யாதவர்களில் 19 பேருக்கு வந்தது. வாயில் பெருகும் கிருமி எச்சிலோடு மூச்சுக்குழலில் இறங்குவதே காரணம். துலக்கிவிடும்போது தலையைச் சற்று உயர்த்தி, முகத்தை ஒருபுறம் சாய்த்துக்கொள்ள வேண்டும். பல்லே இல்லாதவருக்கும் ஈரத் துணியைச் சுண்டுவிரலில் சுற்றி ஈறு, நாக்கு, கன்னத்தின் உட்புறம் ஆகியவற்றைக் காலையும் இரவும் துடைத்துவிட வேண்டும். ஐந்து நிமிடம் பிடிக்கும்.