அயோடின் உப்பின் தரம்: உப்பளத்திலிருந்து அடுக்களை வரை

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த செங்கல் என்னும் சிற்றூர் பாறசாலைக்கு அணித்தே அமைந்துள்ளது. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பெற்றபோது விளவங்கோடு, கல்குளம், அகஸ்தீஸ்வரம், தோவாளை ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு மாறிற்று, ஆயினும் உப்புக்கு இவ்வூர் வெளியிடங்களை நம்பியிருக்கும் நிலை மாறவில்லை. கேரளம் தன் தேவைக்கு உப்பு விளைவிக்கும் மாநிலமன்று. தூத்துக்குடி உப்பளங்களிலிருந்தும் தொலைவிலுள்ள குஜராத்திலிருந்தும் வரும் உப்பே அதன் அடுக்களைகளில் புழங்குகிறது. ஆகவே செங்கல் ஊரில் ஒரு வீட்டுப் பரணியில் இருக்கும் உப்பின் தரம், நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவிலுள்ள ஓர் ஆலையில் ஒரு தெளிகுழாய் சரியாக இயங்கியதா என்பதைப் பொறுத்து நிற்கிறது.

"கடலோரத்தார் மீன் உண்பவர்கள், அவர்களுக்கு அயோடின் குறைவு வாராது" என்று கூறுவோர் பலர். கூற்று கேட்பதற்குப் பொருத்தமாகவே உள்ளது. ஆனால் உண்மையோடு ஒட்டவில்லை. நாட்டில் ஆராயப்பெற்ற 414 மாவட்டங்களுள் 337 மாவட்டங்களில் அயோடின் குறைவால் வரும் நோய்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்கு மேல் காணப்பட்டன. எந்த மாநிலமும் இதற்கு முற்றிலும் விலக்கன்று. கடல்நீரில் அயோடின் உண்டு எனினும் அதன் அளவு மிகச் சொற்பம். நீர் வற்றி உப்பு படிகமாகும்போது அதிலும் பெரும்பகுதி எஞ்சிய கசப்புநீரோடு போய்விடுகிறது. ஆகையால் சாதாரணக் கடலுப்பு அயோடின் உப்பு ஆகாது. தென் திருவிதாங்கூர்ப் பகுதிக்கு இன்னுமொரு காரணமும் உண்டு. மரச்சீனிக் கிழங்கு இங்குப் பன்னெடுங்காலமாக ஏழை எளியோரின் உணவு. அக்கிழங்கிலுள்ள சயனைடு சார்ந்த பொருள் உடலில் தயோசயனேட்டாக மாறி, தைராய்டு சுரப்பி அயோடினை ஈர்த்துக்கொள்வதைத் தடுக்கிறது. கிழங்கை நன்கு வேகவைத்து நீரை வடித்துவிடும் வழக்கம் இக்கேட்டைக் குறைக்கும். அயோடின் போதுமாயிருப்பின் கிழங்கினால் அஞ்சத்தக்கது ஏதுமில்லை. அயோடின் குறைந்தவிடத்தேதான் அது தீமையை மிகுவிக்கும்.

வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டிய அயோடின் 150 மைக்ரோகிராம். கருவுற்ற பெண்களுக்கு 250 மைக்ரோகிராம். எழுபது ஆண்டு வாழ்பவர் ஒருவருக்கு ஆயுள் முழுவதும் வேண்டுவது ஒரு தேக்கரண்டி கூட நிறையாது. இச்சிறு அளவு கிடையாதபோது கழுத்தில் கழலை தோன்றுவது கண்ணுக்குத் தெரியும் தீங்கு. கருவிலேயே மூளையின் வளர்ச்சி குன்றுவது அதனினும் பெரிய தீங்கு. அதனைப் பிற்காலத்தில் எம்மருந்தாலும் சீர்செய்ய இயலாது.

உப்பின் மூலம் இக்குறையைத் தீர்க்கலாம் என்பதை நம் நாட்டில் மெய்ப்பித்தது காங்ரா பள்ளத்தாக்கில் 1956இல் தொடங்கிய ஆராய்ச்சியாகும். டாக்டர் வி. இராமலிங்கசுவாமி அவர்களும் உடனுழைத்தோரும் அப்பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்தனர். ஒன்றுக்குப் பொட்டாசியம் அயோடைடு கலந்த உப்பும், மற்றொன்றுக்குப் பொட்டாசியம் அயோடேட்டு கலந்த உப்பும், இன்னொன்றுக்கு வெறும் உப்பும் அளிக்கப்பட்டன. அயோடின் பெற்ற இரு பகுதிகளிலும் கழலை வெகுவாகக் குறைந்தது. வெறும் உப்புப் பெற்ற பகுதியில் குறையவில்லை. இதன் பயனாக 1962இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தோன்றிற்று; 1992இல் அது அயோடின் குறைபாட்டு நோய்கள் கட்டுப்பாட்டுத் திட்டம் என விரிவு பெற்றது.

சுவிட்சர்லாந்திலும் அமெரிக்காவிலும் தொடக்கத்தில் அயோடைடே பயன்பட்டது. நம் நாட்டு உப்புக்கு அது ஏற்றதன்று. ஈரமும் வெப்பமும் காற்றும் பட்டால் அயோடைடு சிதைந்து அயோடின் ஆவியாகி அகன்றுவிடும். அயோடேட்டு அவ்வளவு எளிதில் சிதையாது. நம் ஆலைகள் அயோடேட்டையே பயன்படுத்துவதற்குக் காரணம் இதுவே.

உப்பளத்தில் கடல்நீரோ நிலத்தடி உவர்நீரோ பாத்தி பாத்தியாகச் செறிவூட்டப்படுகிறது. முதலில் ஜிப்சம் படியும். போமே அளவையில் ஏறக்குறைய 25 பாகையை எட்டும்போது உப்பு படியத் தொடங்கும். 29 அல்லது 30 பாகைக்கு மேல் நீரை விட்டுவைத்தால் மக்னீசியம் உப்புகள் உடன் சேரும். தரக் கட்டுப்பாடு உண்மையில் இவ்விடத்திலேயே தொடங்குகிறது எனலாம். ஆயினும் பலர் அதனை ஆலைக்குள்தான் தேடுகின்றனர். மக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை ஈர்க்கும் தன்மையது. கசப்புநீரை உரிய காலத்தில் வெளியேற்றாமல் வாரிய உப்பு மூட்டையில் கசியும். கசியும் நீரோடு அயோடேட்டும் கரைந்து அடிக்கு இறங்கும். அத்தகைய மூட்டையின் மேற்புறத்தில் அயோடின் குறைந்தும் அடிப்புறத்தில் மிகுந்தும் இருக்கும். எனவேதான் வாரிய உப்பைச் செறிந்த உப்புநீரில் கழுவி, அம்பாரத்தில் வடியவிட்டு, பின்னரே ஆலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்கின்றனர்.

ஆலையில் உடைத்த உப்பு ஓடுபட்டையின்மீது செல்லும்போது அயோடேட்டுக் கரைசல் அதன்மேல் தெளிக்கப்படுகிறது. பின்னர் திருகுவடிவக் கடத்தி அதனைக் கலக்குகிறது. ஆசிரியர்கள் வகுப்பில் எடுத்துக்காட்டத் தக்க கணக்கு ஒன்று இங்குண்டு. பொட்டாசியம் அயோடேட்டில் நூற்றுக்கு 59.3 பங்கு அயோடின். ஒரு கிலோ உப்பில் 30 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டுமாயின் 50.6 மில்லிகிராம் அயோடேட்டு சேர வேண்டும். மணிக்கு 5 டன் உப்பு செல்லும் ஆலையில் நிமிடத்துக்கு 83 கிலோவுக்குச் சற்று மேல் ஓடும். அதற்கு வேண்டிய அயோடேட்டு 4.2 கிராம். லிட்டருக்கு 40 கிராம் கரைந்த கரைசலாயின், நிமிடத்துக்கு 105 மில்லிலிட்டர் தெளிக்க வேண்டும். உப்பின் ஓட்டம் கூடியும் கரைசலின் ஓட்டம் கூடாதிருந்தால் அயோடின் குறையும். தெளிகுழாயின் நுண்துளை ஒன்று அடைபட்டாலோ, பட்டையின் ஒரு பக்கத்து உப்புக்குக் கரைசலே கிட்டாது. சராசரி சரியாயிருந்தும் ஒரு பொட்டலத்தில் ஒன்றுமின்றியும் மற்றொன்றில் இருமடங்காகவும் இருக்கக்கூடும் என்பதால், நாளுக்கு ஒரு மாதிரி எடுத்துச் சோதித்தல் போதாது. ஓட்டம் நடக்கும்போதே குறித்த இடைவெளிகளில் மாதிரி எடுத்தல் வேண்டும்.

சோதனைச் சாலையில் 10 கிராம் உப்பை நீரில் கரைத்து, நீர்த்த கந்தகாமிலமும் மிகுதியான பொட்டாசியம் அயோடைடுக் கரைசலும் சேர்த்துப் பத்து நிமிடம் இருளில் வைப்பர். அயோடேட்டும் அயோடைடும் வினைபுரிந்து அயோடின் விடுபட, கரைசல் மஞ்சளாகும். அதனைச் சோடியம் தயோசல்பேட்டால் அளப்பர். நிறம் வெளிறியதும் மாவுக்கரைசல் சேர்த்தால் கருநீலம் தோன்றும். அந்நீலம் மறையும் கட்டமே முடிவு. 0.005 நார்மல் தயோசல்பேட்டு ஒரு மில்லிலிட்டர் செலவானால், உப்பில் பத்து லட்சத்துக்கு 10.58 பங்கு அயோடின் உண்டு என்று கொள்ளலாம். மாவுக்கரைசலைத் தொடக்கத்திலேயே சேர்த்துவிடுவது பயிற்சியாளர் பலரிடம் காணும் பிழை. அயோடின் மாவுடன் இறுகப் பற்றி முடிவு தெளிவாகத் தோன்றாது.

களப்பணியாளரிடமுள்ள சிறுபெட்டியும் இதே வினையைத் துளி அளவில் நிகழ்த்துவதே. உப்பின்மீது விழும் துளியின் நீலம் அட்டையிலுள்ள நிறங்களோடு ஒப்பிடப்படுகிறது. உப்பில் காரத்தன்மை இருப்பின் நிறம் தோன்றாமற் போகலாம். அப்போது புதிதாக எடுத்த உப்பின்மீது முதலில் மறுசோதனைக் கரைசலை இட்டு, அதன்பின் சோதனைத் துளியை இட வேண்டும். இதனைச் செய்யாது "அயோடின் இல்லை" என்று குறிப்போர் ஒரு நேர்மையான வணிகருக்குத் தீங்கிழைத்தவராவர். அப்பெட்டி அயோடின் உண்டா இல்லையா என்பதை நம்பத்தக்கவாறு கூறும். 15க்கும் 20க்கும் உள்ள வேறுபாட்டை அதனிடம் கேட்டல் தகாது. வழக்குத் தொடுக்க அது சான்றாகாது. உணவுப் பாதுகாப்பு அலுவலர் முறைப்படி எடுத்த மாதிரியே சான்றாகும்.

அயோடின் சேராத உப்பை மனிதர் நேரே உண்பதற்கு விற்பது 2006 மே 17 முதல் நாடெங்கும் தடைசெய்யப்பட்டது. 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள், உற்பத்தியிடத்தில் 30 பங்குக்கும் சில்லறைக் கடையில் 15 பங்குக்கும் அயோடின் குறையலாகாது என வகுத்தன. ஈரம் நூற்றுக்கு 6 பங்குக்கு மிகலாகாது. சட்டம் இவ்வாறிருக்க, 2018-19இல் நடந்த இந்திய அயோடின் ஆய்வு வியப்பூட்டும் செய்தியைக் கூறிற்று. போதிய அயோடின் கொண்ட உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாடு முழுவதும் நூற்றுக்கு 76.3, தமிழ்நாட்டிலோ 61.9 மட்டுமே. உப்பு மிகுதியாக விளையும் மாநிலம் இவ்வகையில் நாட்டிலேயே கடைசியில் நின்றது. உப்பு விளையாத ஜம்மு-காஷ்மீரமோ 99.8 விழுக்காட்டுடன் முதலில் நின்றது. உப்பளம் அருகிலிருப்பதே இதற்கு ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு. தொலைவிலிருந்து வரும் உப்பு ஆலை வழியே பொட்டலமாக வருகிறது. அருகிலிருந்து வருவது கல்லுப்பாகவே மூட்டையில் கடைக்கு வந்துவிடுகிறது. மீன் உலர்த்தவும் தோல் பதனிடவும் அனுமதிக்கப்பட்ட வெற்றுப்பு, விலை மலிவால் அடுக்களைக்குள் நுழைவதும் கூடும். பூவார் போன்ற மீன்பிடி ஊர்களை அடுத்த செங்கல் முதலிய இடங்களில் களப்பணியாளர் கவனிக்கத்தக்கது இது.

பொட்டலத்தின்மேல் உள்ள சிரிக்கும் சூரியன் முத்திரை, ஆலை அளித்த உறுதிமொழியேயன்றி வீட்டு உப்பின் அளவைக் காட்டுவதன்று. பொட்டலத்தைப் பிரித்தபின் உப்பைத் திறந்த மரவையில் அடுப்பருகே வைத்தால் ஈரமும் வெப்பமும் சேர்ந்து அயோடினைக் குறைக்கும். மூடியுள்ள பரணியே தக்கது. கல்லுப்பைக் கழுவிப் பயன்படுத்தும் வழக்கம் இன்னும் தீது. மேற்பரப்பில் படிந்திருக்கும் அயோடேட்டு முழுவதும் அந்நீரோடு ஓடிவிடும். சமைக்கும்போதும் ஐந்தில் ஒரு பங்கு வரை குறைவதால், உப்பை இறக்கும் வேளையில் இடுவது நன்று.

நோய் மிகுந்த மாவட்டங்களில் ஆஷா பணியாளர்கள் மாதம் 50 வீட்டு உப்பைச் சோதிக்குமாறு திட்டம் அமைந்துள்ளது. பள்ளி மாணவர் கொண்டுவரும் உப்பைச் சோதிக்கும் ஆசிரியர், ஒவ்வொரு மாதிரியும் மூடிய பாலிதீன் உறையில் வருமாறு முன்னரே சொல்லிவைத்தல் வேண்டும். காகிதத்தில் மடித்த உப்பு வழியிலேயே ஈரமாகும். உறையின்மேல் கல்லுப்பா பொடியுப்பா என்பதையும், வாங்கிய கடையையும், வாங்கிய நாளையும் எழுதச் செய்க. ஒரே கடையிலிருந்து வந்த பல உறைகளில் நிறம் தோன்றாவிடில், அக்கடையின் பெயரையும் மூட்டையில் அச்சிட்ட ஆலைப் பெயரையும் தொகுப்பு எண்ணையும் குறித்து உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்பினால், அவர் அக்கடையில் மாதிரி எடுத்துச் சோதனைச் சாலைக்கு அனுப்ப இயலும். தொகுப்பு எண் இன்றேல், குறை எவ்வாலையில் எந்நாளில் நேர்ந்தது என்பதைத் தேடிச் செல்ல வழியில்லை.