தானே ஓடும் படம்

தொடர்படத்தோடு இரயில்காரர்களுக்குப் பழைய பந்தம் உண்டு, அன்பர்களே. அமெரிக்க இரயில்வே அதிபர் லேலண்ட் ஸ்டான்ஃபோர்டின் குதிரைகள் ஓடுவதை, 1878இல் மைபிரிட்ஜ் வரிசையாக வைத்த காமிராக்களில் பிடித்தார்; நான்கு குளம்பும் ஒருசேரத் தரையைவிட்டு எழுவது தெரிந்தது.

மரைன் ஹில்லில் பேத்தி கயிறு தாண்டியதை நான் ஒரே காமிராவில், விநாடிக்குப் பத்து வீதம் 20 படங்கள் எடுத்தேன். திருச்சியில் படுக்கையிலிருக்கும் என் அக்காவால் வீடியோவின் பொத்தானை அழுத்த முடியாது; தானே திரும்பத் திரும்ப ஓடும் படம் வேண்டியிருந்தது.

காமிரா முக்காலியில் அசையாதிருக்க வேண்டும். தண்டவாளம் ஆடினால் வண்டி என்னாகும்? படங்களைச் சிறிதாக்கி, 'கிம்ப்' என்னும் இலவச மென்பொருளில் அடுக்குகளாகத் திறந்து, 'ஜிஃப்' கோப்பாக மாற்றுகையில் படத்துக்கு 100 மில்லிசெகண்ட் கொடுங்கள்; உண்மையான வேகம் கிடைக்கும். முடிவின்றிச் சுழலும்படி குறியிட மறவாதீர்கள். ஜிஃப்பில் படத்துக்கு 256 நிறங்களே. சிவப்புப் பாவாடை சற்று வெளிறித்தான் போயிற்று. அக்கா தாண்டலை எண்ணிக்கொண்டிருக்கிறாராம்.