கார் குளிரூட்டியின் உட்சுழற்சிக் கோளாறுகள்

கார் குளிரூட்டியில் உட்சுழற்சி என்பது, வெளிக்காற்றை இழுக்காமல், காருக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்ப இழுத்துக் குளிர்வித்து அனுப்பும் முறையாகும். மெக்கானிக்குகள் ‘ரீசர்குலேஷன்’ என்று சொல்வது இதைத்தான். கார் படத்துக்குள் வளைந்து திரும்பும் அம்புக்குறி போட்ட பொத்தான் இதற்குரியது. பழைய சிறிய கார்களில் பொத்தானுக்குப் பதிலாக இடமும் வலமும் தள்ளும் கைப்பிடி ஒன்று இருக்கும்.

இது வேலை செய்யாமல் போனாலும் பலருக்குத் தெரிவதில்லை. ஏசி முன்புபோல் குளிரவில்லை என்று மட்டும் தெரியும். பட்டறையில் கேஸ் குறைந்திருக்கும் என்று சொல்லி நிரப்பி அனுப்பிவிடுவதும் உண்டு. கோளாறு உட்சுழற்சியில் இருந்தால் அந்தச் செலவு வீண். எனவே பட்டறைக்குப் போகுமுன் அரை மணி நேரம் ஒதுக்கி வீட்டிலேயே சோதித்துப் பார்ப்பது நல்லது.

அமைப்பு

இந்தியாவில் ஓடும் பெரும்பாலான கார்களில், முன் இருக்கையின் இடப்பக்கம் உள்ள சாமான் பெட்டிக்குப் பின்னால் புளோயர் எனப்படும் காற்றாடி இருக்கிறது. அதற்குக் காற்று வர இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர்களுக்கு அடியில் உள்ள சல்லடையிலிருந்து வரும் வெளிவழி. மற்றொன்று, காருக்குள்ளேயே கால் வைக்கும் பகுதியை ஒட்டித் திறக்கும் உள்வழி. இரண்டு வாசலுக்கும் கதவு ஒன்றுதான். அந்த பிளாஸ்டிக் மடல் ஒன்றை மூடும்போது மற்றொன்று திறந்துகொள்ளும். மடலை அசைப்பது பழைய வகையில் ஒரு கம்பிக் கேபிள். புதிய வகையில் பல்சக்கரங்கள் கொண்ட சிறு மின்மோட்டார். காற்று பிறகு வடிகட்டியையும் கூலிங் காயிலையும் கடந்து முகத்துக்கு வருகிறது.

ஏன் இவ்வளவு வேறுபாடு?

வெளியே 40 பாகை வெயில் என்று வைத்துக்கொள்வோம். மடல் வெளிப்பக்கம் திறந்தே சிக்கிக்கொண்டால், கூலிங் காயில் ஒவ்வொரு நொடியும் புதிதாக 40 பாகைக் காற்றைக் குளிர்விக்க வேண்டும். உட்சுழற்சியில் ஏற்கெனவே 27, 28 பாகைக்கு இறங்கிய காற்றுதான் திரும்ப வருகிறது, வேலை குறைகிறது.

சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் வெப்பத்தோடு ஈரமும் சேர்கிறது. காற்றில் உள்ள நீராவி காயிலில் பட்டு நீராகும்போது தன் வெப்பத்தை அங்கே விட்டுவிடுகிறது. பள்ளியில் உள்ளுறை வெப்பம் என்று படித்தது இதுதான். ஒரு லிட்டர் நீர் இப்படிச் சேர்வதற்குள் காயில் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை வாங்கியிருக்கும். 30 பாகையில் உள்ள 8 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அந்த வெப்பம் போதும். காருக்கடியில் சொட்டும் தண்ணீரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது இப்படி வந்ததுதான். ஆனால் உட்சுழற்சி போட்டு வெகுநேரம் ஓடிய பிறகும் அது குறையாமல் கொட்டினால், வெளிக்காற்று எங்கோ நுழைகிறதா என்று ஐயப்படலாம்.

வீட்டில் செய்யும் சோதனை

காரைத் திறந்த வெளியில் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் புளோயரை அதிக வேகத்தில் வையுங்கள். பொத்தானை மாற்றி மாற்றி அழுத்திக் கேளுங்கள். உட்சுழற்சிக்குப் போனதும் இரைச்சல் கூடவேண்டும். உள்வழி நம் காலருகே திறப்பதே காரணம். பொத்தானில் விளக்கு எரிந்தும் ஒலி மாறவில்லை என்றால் மடல் அசையவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். விளக்கு எரிவது கட்டளை போனதற்கு அடையாளமே தவிர, கதவு மூடியதற்கு அல்ல. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

உறுதி செய்ய, சாமான் பெட்டிக்கு அடியில் உள்வழி இருக்கும் இடத்தருகே ஒரு மெல்லிய தாளைப் பிடித்துப் பாருங்கள். உட்சுழற்சியில் தாள் உள்நோக்கி இழுபடும்; வெளிக்காற்று முறையில் தொய்ந்து தொங்கும். இரண்டிலும் ஒரே மாதிரி இருந்தால் கோளாறு உறுதி.

ஒரு விலக்கு உண்டு. முன்கண்ணாடிப் பனி நீக்கும் நிலையில் பல கார்கள் தாமாகவே வெளிக்காற்றுக்கு மாறிவிடும். தானியங்கி ஏசியும் சில வேளைகளில் அப்படிச் செய்யும். சோதனைக்கு முன் காற்று முகத்துக்கு வரும் நிலையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

காரணங்கள்

பொத்தானை அழுத்தியதும் டேஷ்போர்டுக்குள் ‘டக் டக்’ என்று சில நொடிகள் ஒலித்து அடங்கினால், மோட்டாரின் பல்சக்கரத்தில் பல் உடைந்திருக்கலாம். ஒலியே இல்லையென்றால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள். எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்தபின், கையேட்டில் குறித்த ஃபியூஸைக் கழற்றி, கம்பி அறுந்திருந்தால் அதே ஆம்பியர் அளவுள்ள வேறொன்றை மாட்டலாம். பெரிய அளவு மாட்டினால் கம்பிகள் சூடேறித் தீப்பற்றக்கூடும். கைப்பிடி உள்ள கார்களில் கைப்பிடி தடையின்றித் தளர்வாக நகர்ந்தால், கேபிள் கொக்கியிலிருந்து கழன்றிருக்கும், மாட்டிவிட்டால் தீர்ந்தது.

நம் ஊரில் அதிகம் கவனிக்க வேண்டியது குப்பை. புளி, வேம்பு, குல்மொகர் மரத்தடியில் நிறுத்தும் கார்களில் சிற்றிலைகள் வைப்பருக்கு அடியில் உள்ள சல்லடை வழியே இறங்கி மடலின் விளிம்பில் சேர்கின்றன. மடல் முழுதும் மூடாமல் ஒரு விரல் இடைவெளி விட்டாலும் லாரிப் புகை உள்ளே வரும். அதே குப்பை வடிகாலையும் அடைத்தால் மழைநீர் இடப்பக்கக் கால்மிதிக்கு வந்துவிடும். பானெட்டைத் திறந்து சல்லடைப் பகுதியைச் சுத்தம் செய்வது யாரும் செய்யக்கூடிய வேலை. சாமான் பெட்டியை இறக்கி வடிகட்டியை எடுத்துப் பார்ப்பதும் பல கார்களில் அப்படியே. எலி கூடு கட்டியிருந்தால் கையுறையும் முகக்கவசமும் அணிந்துதான் அள்ள வேண்டும். எலிக்காய்ச்சல் அதன் சிறுநீரால் பரவுகிறது.

டேஷ்போர்டை முழுதாகப் பிரிப்பது வீட்டு வேலை அல்ல. அங்கே காற்றுப்பை இருக்கிறது. மஞ்சள் நிற உறை போட்ட கம்பிகளையும் இணைப்புகளையும் தொடவே கூடாது. ஏசி கேஸ் குழாய்களையும் அப்படியே விட்டுவிட வேண்டும். மடல் சரியாக மூடியும் குளிரவில்லை என்றால்தான் கேஸ், கம்ப்ரசர் பற்றிப் பட்டறையில் பேச வேண்டும்.

உள்ளேயே சிக்கிக்கொண்டால்

நன்றாகக் குளிர்வதால் இதை யாரும் கோளாறாக நினைப்பதில்லை. ஆனால் ஆபத்து இதில்தான் அதிகம். நாம் வெளிவிடும் மூச்சில் கார்பன் டைஆக்சைடு சுமார் 4 விழுக்காடு. மூடிய காரில் நான்கு பேர் நெடுந்தொலைவு சென்றால் அது சேர்ந்துகொண்டே போகும். தலை கனக்கும், ஓட்டுநருக்குத் தூக்கம் தள்ளும். மழைக்காலத்தில் மூச்சின் ஈரம் கண்ணாடியின் உட்புறத்தில் படிந்து பாதையை மறைக்கும். மடல் பழுதுபார்க்கப்படும்வரை கண்ணாடியைச் சிறிது இறக்கிவிட்டே ஓட்ட வேண்டும். பழுதில்லாத காரிலும் நீண்ட பயணத்தில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வெளிக்காற்றுக்கு மாற்றிக்கொள்வது நல்ல பழக்கம். வெயிலில் நின்ற காரில் ஏறும்போதும், உள்ளே வெளியைவிடச் சூடு அதிகம் என்பதால், கண்ணாடிகளை இறக்கி ஓரிரு நிமிடம் ஓட்டியபின் உட்சுழற்சிக்கு மாறலாம்.

கார்பன் மோனாக்சைடு என்பது வேறு. அது மூச்சிலிருந்து வருவதில்லை. எஞ்சின் புகையிலிருந்து வருவது. நிறமும் மணமும் இல்லை. நின்ற காரில் எஞ்சினை ஓடவிட்டு ஏசியில் தூங்கியவர்கள் இறந்திருக்கிறார்கள். அடிப்பகுதியிலோ புகைக்குழாயிலோ கசிவு இருந்தால் உட்சுழற்சி அதைத் தடுத்துவிடும் என்று நம்பக்கூடாது. கார் நிறுத்தும் கொட்டகையைச் சாத்திக்கொண்டு மேலே சொன்ன சோதனைகளைச் செய்யக்கூடாது என்பதும் இதனால்தான்.