ஸ்டேஷனை யார் கேட்பது?

மதுக்கரையில் தெருவிளக்கு எரியவில்லை என்றால் நகராட்சி அலுவலகத்துக்குப் போகிறோம். போலீஸ் ஸ்டேஷனில் புகார் வாங்க மறுத்தாலும் முதலில் தேடுவது வார்டு கவுன்சிலரைத்தான். அவரும் பாவம், கூடவே வந்து இன்ஸ்பெக்டரிடம் இரண்டு வார்த்தை சொல்லிப் பார்ப்பார். சட்டப்படி அவருக்கு அங்கே வேலையே இல்லை. மதுக்கரை 2021இல் பேரூராட்சியிலிருந்து நகராட்சியாகத் தரம் உயர்ந்தது. உயர்ந்த பிறகும் ஒரு கான்ஸ்டபிளை இடம் மாற்றும் அதிகாரம்கூட நகராட்சித் தலைவருக்குக் கிடையாது.

அமெரிக்க நகரங்கள் பலவற்றில் மேயரோ நகர நிர்வாகமோதான் போலீஸ் தலைவரை நியமிக்கிறது. போலீசில் கறுப்பினத்தவர் எத்தனை பேர், அடித்த போலீஸ்காரர் மேல் என்ன நடவடிக்கை என்ற இரண்டு கேள்விகளையும் அங்கே ஒரே நகர மன்றத்தில் எழுப்ப முடியும். இந்திய அரசியல் சட்டமோ போலீசை மாநிலப் பட்டியலில் வைத்திருக்கிறது. நம் நகராட்சிக்குக் குப்பை, குடிநீர், சாலை, வரி. போலீஸ் என்றால் சென்னையில் உள்துறை, டி.ஜி.பி.; இங்கே எஸ்.பி. மதுக்கரை ஸ்டேஷன் கோவை மாவட்ட எஸ்.பி.யின் கீழ் வருகிறது. பக்கத்திலேயே உள்ள போத்தனூரும் குனியமுத்தூரும் மாநகர கமிஷனருக்கு உட்பட்டவை. புகார் எழுதும் முன் சம்பவம் யாருடைய எல்லையில் நடந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள். எல்லைகள் அவ்வப்போது மாறுகின்றன.

ஆகவே இங்கே கேள்விகளைப் பிரித்துத்தான் கேட்க வேண்டும். வேலைக்கு எடுப்பது ஒரு கணக்கு, வேலையில் சேர்ந்தவரைக் கேட்பது இன்னொரு கணக்கு. முதல் கணக்கில் தமிழ்நாடு கெட்டி. இரண்டாவதில் அவ்வளவாக இல்லை.

முதல் கணக்கு நூறாண்டுப் பழையது. நீதிக்கட்சி ஆட்சியின் முதல் வகுப்புவாரி உத்தரவு 1921இல் வந்தது. அது உண்மையில் நடைமுறைக்கு வர 1928இல் முத்தையா முதலியார் அமைச்சராக இருந்து வேலை பார்க்க வேண்டியிருந்தது. இன்றைய 69 சதவீதம் 1994இல் அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் ஏறியது. அதை அரசு அலுவலகங்கள் நடைமுறைப்படுத்துவது இருநூறு இடங்களைக் கொண்ட சுழற்சிப் பட்டியல் வழியாக. ஒவ்வோர் இருநூறு பணியிடத்திலும் பொதுப் பிரிவுக்கு 62, பிற்படுத்தப்பட்டோருக்கு 53, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 7, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் 40, பட்டியல் சாதியினருக்கு 30, அருந்ததியருக்கு 6, பழங்குடியினருக்கு 2. எந்த இடம் யாருக்கு என்பது முன்கூட்டியே வரிசையாக எழுதப்பட்டிருக்கும். பெண்களுக்கான 30 சதவீதமும், தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீதமும் இதற்குள்ளேயே அடங்கும்.

இதில் கொங்கு நாட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டியது அந்த 6. மேற்கு மாவட்டங்களில் தலித் மக்களில் பெரும்பகுதி அருந்ததியர். பட்டியல் சாதி ஒதுக்கீட்டில் தங்களுக்கு உரிய பங்கு வரவில்லை என்று அவர்கள் நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். நீதிபதி ஜனார்த்தனம் குழுவின் பரிந்துரைக்குப் பிறகு 2009இல் 18க்குள் 3 சதவீதம் உள் ஒதுக்கீடாகச் சட்டம் ஆனது. அது செல்லுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு வரை போய், 2024 ஆகஸ்ட் 1 அன்று ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில் உள் ஒதுக்கீடு செல்லும் என்று முடிந்தது. முஸ்லிம்களுக்கான 3.5 சதவீதம் 2007இல் வந்தது. அப்போதே கிறிஸ்தவர்களுக்கும் 3.5 சதவீதம் தனியாகக் கொடுத்தார்கள். அதனால் தங்களுக்கு லாபத்தைவிட நஷ்டமே என்று கிறிஸ்தவ அமைப்புகள் சொல்ல, அடுத்த ஆண்டே அது திரும்பப் பெறப்பட்டது. சலுகையை வேண்டாம் என்று திருப்பிக் கொடுப்பது நம் ஊரில் அபூர்வம்.

இந்தச் சுழற்சிப் பட்டியலுக்கு இரண்டு பொத்தல்கள் உண்டு. ஒன்று, சிறு எண்ணிக்கை. ஒரு நகராட்சி தடவைக்குப் பத்துப் பேராக எடுத்தால் இருநூறில் இரண்டு இடம் வைத்திருக்கும் பழங்குடியினரின் முறை வர எத்தனை ஆண்டாகும்? நீங்களே கணக்குப் போடலாம். இன்னொன்று, ஒப்பந்தம். நிரந்தரப் பணியிடத்துக்குத்தான் சுழற்சிப் பட்டியல். குப்பை அள்ளும் வேலையைத் தனியார் ஒப்பந்ததாரரிடம் கொடுத்துவிட்டால், அவர் யாரை எடுக்க வேண்டும் என்று எந்தப் பட்டியலும் சொல்லாது. ஆனால் துடைப்பத்தோடு தெருவில் நிற்பவர்கள் யார் என்று பாருங்கள், சாதி மாறியிருக்காது. நிரந்தர வேலை என்ற ஒன்றுதான் போயிருக்கும்.

நிரந்தரம் என்றால் என்ன நடக்கும் என்பதற்கும் கோவையே சாட்சி. 2019 நவம்பரில் கோவை மாநகராட்சி 549 துப்புரவுப் பணியிடங்களுக்கு ஆள் எடுத்தபோது சுமார் 7,000 பேர் விண்ணப்பித்தார்கள். பொறியியல் பட்டதாரிகளும் வரிசையில் நின்றார்கள். தொடக்கச் சம்பளம் 15,700 ரூபாய். சாக்கடையில் இறங்க வேண்டியது பரம்பரை பரம்பரையாக ஒரு சமூகம், அதே வேலை நிரந்தரம் என்றானதும் வரிசையில் எல்லோரும். இட ஒதுக்கீடு என்பது கீழ்மட்ட வேலையில் ஒரு சமூகத்தைப் பூட்டி வைப்பதற்கல்ல, மேல்மட்டத்தில் கதவு திறப்பதற்கு. துப்புரவுப் பிரிவில் எத்தனை அருந்ததியர் என்பதைவிட வருவாய் ஆய்வாளர், பொறியாளர், ஆணையர் நாற்காலிகளில் எத்தனை பேர் என்பதே கேட்கத் தகுந்த கேள்வி.

போலீசுக்கு வருவோம். ஆள் எடுப்பது 1991இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம். அங்கேயும் அதே இட ஒதுக்கீடுதான். உயரத்திலும் சலுகை உண்டு: மற்ற ஆண்களுக்கு 170 சென்டிமீட்டர், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 167. திருநங்கையருக்கு விண்ணப்பத்தில் இடமே இல்லாதிருந்தது. பிரித்திகா யாஷினி சென்னை உயர் நீதிமன்றத்தில் 2015இல் வழக்கில் வென்று, பிறகு சப்-இன்ஸ்பெக்டரும் ஆனார்.

பலரும் அறியாத ஒரு விதி இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995ஆம் ஆண்டு விதிகளில் 13ஆவது விதி, போலீசின் எல்லா மட்டத்திலும், குறிப்பாக ஸ்டேஷன் மட்டத்தில், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் போதிய பிரதிநிதித்துவம் இருப்பதை மாநில அரசு உறுதி செய்ய வேண்டும் என்கிறது. மாநிலம் முழுக்க மொத்தக் கணக்குக் காட்டினால் போதாது, நீங்கள் புகாரோடு போய் நிற்கும் அந்த ஸ்டேஷனில் ஆள் இருக்க வேண்டும் என்பதே இதன் பொருள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, ‘எங்கள் ஸ்டேஷனில் பணியிடங்கள் எத்தனை, பிரிவுவாரியாக எத்தனை பேர்’ என்று கேட்கலாம். முப்பது நாளில் பதில் வந்தாக வேண்டும்.

இனி இரண்டாவது கணக்கு, வேலையில் சேர்ந்தவரைக் கேட்பது. மதுக்கரைக்கு மேற்கே, வாளையாறு பக்கம் கேரள எல்லையோரம் சின்னாம்பதி என்ற இருளர் கிராமம் இருக்கிறது. வீரப்பன் தேடுதல் வேட்டை நடந்த 1994இல் அதிரடிப்படையினர் அங்கே புகுந்து அத்துமீறினார்கள் என்று புகார் எழுந்தது. அதை 1995-96இல் விசாரித்த ஒரு நபர் ஆணையத்தின் தலைவர், அப்போது மாவட்ட நீதிபதியாக இருந்து பின்னாளில் உச்ச நீதிமன்றம் வரை சென்ற ஆர். பானுமதி. ஆனால் விசாரணை ஆணையம் என்பது அறிக்கை தரும், தண்டனை தராது. 1952ஆம் ஆண்டுச் சட்டப்படி அதன் பரிந்துரை அரசைக் கட்டாது. கோவை நகரில் 1997 நவம்பர் இறுதியில் போக்குவரத்துக் காவலர் செல்வராஜ் கொல்லப்பட்டதும், அதைத் தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் இறந்ததும், 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்பில் 58 பேர் இறந்ததும் ஊர் மறக்காதவை. அவற்றை விசாரிக்கவும் நீதிபதி கோகுலகிருஷ்ணன் தலைமையில் ஓர் ஆணையம் அமைந்தது.

ஆணையத்தோடு நிற்காமல் வழக்காக நடந்தால் என்ன ஆகும் என்பதைத் தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தி காட்டியது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறையினர் அந்தப் பழங்குடி ஊருக்குள் நுழைந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். புகாரை வாங்கவே ஆளில்லை. உயர் நீதிமன்றம் தலையிட்டு வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்துபோக, மீதி 215 பேரையும் 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. அவர்களில் 126 பேர் வனத்துறை, 84 பேர் போலீஸ், 5 பேர் வருவாய்த் துறை. 2023இல் அதே செப்டம்பர் 29 அன்று உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. நீதி கிடைத்தது என்று நிம்மதிப்படலாம்தான். ஆனால் 31 ஆண்டு தாக்குப்பிடிக்க எல்லா ஊருக்கும் வாச்சாத்திக்கு வந்ததுபோல் சங்கமும் கட்சியும் துணைக்கு வருமா?

இவ்வளவு நாள் ஆகாமல் இருக்கத்தான் உச்ச நீதிமன்றம் பிரகாஷ் சிங் வழக்கில், 2006 செப்டம்பர் 22 அன்று, மாநிலத்துக்கும் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் போலீஸ் மீதான புகார்களை விசாரிக்க ஓர் ஆணையம் வேண்டும் என்றது. மாநிலத்தில் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதியும், மாவட்டத்தில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியும் அதற்குத் தலைவர்கள். தமிழ்நாடு என்ன செய்தது? 2013இல் போலீஸ் சீர்திருத்தச் சட்டம் போட்டது. மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலர் தலைவர், டி.ஜி.பி. உறுப்பினர். மாவட்டத்துக்குக் கலெக்டர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர். எந்த எஸ்.பி.யின் ஆட்கள் மேல் புகாரோ அந்த எஸ்.பி.யே விசாரிக்கும் மேசையில். மாமியார் மேல் புகார் சொல்ல மாமனாரிடம் போகச் சொன்ன கதைதான். வேலைக்கு எடுக்கும்போது இருநூறு இடத்தையும் இம்மி பிசகாமல் அளக்கும் அரசு, இந்த இடத்தில் மட்டும் கண்டும் காணாமல் போனது. இது கவனக்குறைவு என்று நான் நம்பவில்லை.

அப்படியானால் என்னதான் செய்வது? புகாரைப் பதிவு செய்யாமல் சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பிவிட்டால், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவுப்படி எஸ்.பி.க்கு எழுத்துமூலம் அனுப்புங்கள், பதிவுத் தபாலில். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம். சம்பவம் எந்த ஸ்டேஷன் எல்லையில் நடந்தாலும் புகாரை வாங்கியாக வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. சாதிக் கொடுமைப் புகாரை வேண்டுமென்றே கிடப்பில் போடும் அதிகாரிக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை வைத்திருக்கிறது. சாதிக் கொடுமை வழக்கை டி.எஸ்.பி.க்குக் குறையாதவர்தான் விசாரிக்க வேண்டும்.

அடி, மிரட்டல், சட்டவிரோதக் காவல் என்றால் சென்னை கிரீன்வேஸ் சாலையில் உள்ள மாநில மனித உரிமை ஆணையம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். ஆனால் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் புகார் போக வேண்டும். அந்த ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டும் என்று 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்தது.

கடைசியாக ஒன்று, இதுதான் அவசரமானது. சாத்தான்குளம் ஸ்டேஷனில் 2020 ஜூனில் அடிபட்ட ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் இறந்தபோது, ஸ்டேஷன் கேமரா பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை விசாரணைக்குப் போன மாஜிஸ்திரேட் கண்டறிந்தார். அவர்கள் அடிபட்ட இரவில் நடந்ததைச் சொல்ல அங்கே பணியில் இருந்த தலைமைக் காவலர் ரேவதி என்ற பெண் துணிந்து முன்வந்தார். எல்லா ஸ்டேஷனிலும் ஒரு ரேவதி இருப்பார் என்று நம்பியிருக்க முடியாது. அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம், எல்லா ஸ்டேஷன்களிலும் வாசல், லாக்கப், வராந்தா, ரிசப்ஷன் என்று ஒன்றுவிடாமல் ஒலியோடு பதியும் கேமரா வேண்டும், பதிவு 18 மாதம் இருக்க வேண்டும், எப்படியும் ஓராண்டுக்குக் குறையக்கூடாது என்று உத்தரவிட்டது. பாதிக்கப்பட்டவர் தன் பதிவைப் பத்திரப்படுத்தி வைக்கச் சொல்லிக் கேட்கலாம் என்றும் சொன்னது.

எனவே ஸ்டேஷனில் உங்களுக்கோ உங்கள் வீட்டுப் பிள்ளைக்கோ ஏதாவது நடந்தால் பஞ்சாயத்துப் பேச ஆள் தேடி அலைய வேண்டாம். தேதி, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், எந்த அறை என்பதைக் குறித்து, அந்த நேரத்துக் கேமரா பதிவை அழிக்காமல் வைக்கும்படி எஸ்.பி.க்கும் மனித உரிமை ஆணையத்துக்கும் அந்த வாரமே எழுதிப் போடுங்கள், நகலும் தபால் ரசீதும் கையில் இருக்கட்டும்.