பெட்டிக்குத் தனி எர்த்

டிரெய்லர் கொக்கி முறிந்தால் திருமுல்லைவாயில், அம்பத்தூர்ப் பட்டறைக்குக் கொண்டுபோவதே நல்லது. வெல்டிங் செட்டைத் தோட்டத்துக்கு வரவழைத்து, பம்புசெட் பீஸ் கட்டையில் ஒயரைச் சொருகாதீங்க. விவசாய இணைப்பு மோட்டாருக்குத்தான். சட்டம் கிடக்கட்டும், உயிரைப் பார்ப்போம்.

பல செட்டுகள் இரண்டு பேஸில், 415 வோல்ட்டில் ஓடுகின்றன. உள்ளே காயில் பழுதானால் இரும்புப் பெட்டியே ஷாக் அடிக்கும். வேலை செய்யும் இரும்பில் மாட்டுகிற கிளாம்பைத்தான் நாம் எர்த் என்கிறோம். அது வெல்டிங் கரண்ட் திரும்பிப் போகும் வழி, அவ்வளவுதான். பெட்டிக்குத் தனி எர்த் ஒயர் வேண்டும்.

ஹோல்டரில் சுமார் 80 வோல்ட்தானே என்பீர்கள். வியர்த்த உடம்பு, ஈர வரப்பு என்றால் அதுவே ஆளைச் சாய்த்துவிடும். காலடியில் காய்ந்த பலகை போடுங்க. ராடு மாற்றும்போதும் உலர்ந்த கையுறையைக் கழற்றாதீங்க.